கல்லூரிக் கணிதம் கற்பிக்க இணையத்தை எப்படிப் பயன்படுத்துவது: பினாங்கிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

பினாங்குப் பாலத்தில் ஏறினால் ‘ஹாட் லாஜு’ என்ற பலகை கண்ணில் படாமல் இருக்காது. வேக வரம்பு. மலாயில் ‘ஹாட்’ என்றால் வரம்பு. இடைநிலைப்பள்ளியில் கூடுதல் கணிதம் படித்த பிள்ளைக்கு நுண்கணிதத்தில் வரும் எல்லைக்கும் அதே சொல்தான். கல்லூரிக்கு வந்ததும் அது லிமிட் ஆகிறது. அதுவும் சாலையில் பார்த்த சொல்தான். விளைவு, என் முதலாண்டு மாணவர்களில் பலர் ஒரு தப்பான எண்ணத்தோடு வந்து உட்காருகிறார்கள்: எல்லை என்பது தாண்டக் கூடாத கோடு, நெருங்கலாம், தாண்டினால் குற்றம்.

பல வருடம் இதைப் பேசியே திருத்தப் பார்த்தேன். தலையாட்டுவார்கள், பரீட்சையில் மறுபடி அதையே எழுதுவார்கள். ஒரு நாள் டெஸ்மோஸ் என்ற இணைய வரைபடக் கருவியைத் திறந்து, சைன் எக்ஸை எக்ஸால் வகுத்து வரைந்து, திரையை இடது பக்கமாக இழுத்துக்கொண்டே போனேன். எக்ஸ் வளர வளர வளைவு சுழியத்தைத் தாண்டிக் கீழே போகிறது, தாண்டி மேலே வருகிறது, மறுபடி கீழே. “எத்தனை தடவை தாண்டுது?” என்று கேட்டேன். “முடிவே இல்ல சார்.” “அப்போ எல்லை என்ன?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஜீரோதான் சார். ஆனா தாண்டுதே…” அந்த ‘தாண்டுதே’ வந்த பிறகு நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இணையத்தைக் கணித வகுப்புக்குள் கொண்டுவரும் வேலை இந்த வரிசையில்தான் நடக்க வேண்டும் என்பது என் எண்ணம். மாணவர் எங்கே மாட்டிக்கொள்கிறார் என்பது முதலில், கருவி அப்புறம். பட்டறைகளுக்குப் போனால் தலைகீழாகச் சொல்லித் தருவார்கள். நாற்பது செயலிகளைக் காட்டி அனுப்புவார்கள், நாமும் திங்கட்கிழமை ஒன்றைக்கூடத் திறக்கமாட்டோம்.

படி 1: கணினியைத் திறக்காமல் தொடங்குங்கள்

போன செமஸ்டர் விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு ஒரு மாலை உட்காருங்கள். மதிப்பெண் போடுவதற்காக அல்ல, தப்புகளை எண்ணுவதற்காக. ஒரே தப்பு எத்தனை தாளில் வருகிறது என்று நோட்டில் கோடு போட்டு வாருங்கள். என் நோட்டில் தேறியவை: எல்லை பற்றிய மேலே சொன்ன குழப்பம், பெருக்கல் விதியில் இரண்டையும் தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கிவிடுவது, சங்கிலி விதியில் உள்ளே இருப்பதை மறப்பது, அச்சுக்குக் கீழே உள்ள பரப்பின் குறி, தரவைப் பார்த்துச் சமன்பாடு அமைக்கத் தெரியாமை. ஐந்து போதும். ஒரு செமஸ்டரில் ஐந்துக்கு மேல் சரிசெய்ய நமக்கும் தெம்பிருக்காது.

இதோடு மொழிப் பட்டியல் ஒன்றையும் தயார் செய்துகொள்ளுங்கள். நம் மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் பிள்ளை பின்னத்தையும் விழுக்காட்டையும் தமிழில் கற்று, இடைநிலைப்பள்ளியில் அவற்றையே ‘பெச்சாஹான்’, ‘பெராத்துஸ்’ என்று மாற்றிக்கொண்டு, கல்லூரியில் மூன்றாவது முறை ஆங்கிலத்துக்கு மாறுகிறது. கணிதம் வராமல் தடுமாறுகிறதா, சொல் புரியாமல் தடுமாறுகிறதா என்பது நமக்கே சட்டென்று பிடிபடாது. ஒரு கூகுள் ஷீட்டில் மூன்று பத்திகள் போட்டு, வாரம் பத்துச் சொற்களை மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். மலாய்ச் சொல்லுக்கு டேவான் பஹாசா டான் புஸ்தாக்கா என்ற அரசாங்க மொழி நிறுவனத்தின் இணைய அகராதி இருக்கிறது. தமிழுக்கு விக்கிப்பீடியாவின் கணிதக் கட்டுரைகளும் விக்சனரியும் பெரும்பாலும் கைகொடுக்கும். சரியாக இல்லாத இடத்தில் வகுப்பே சண்டை போட்டு ஒரு சொல்லுக்கு வரட்டும். அந்தச் சண்டையிலேயே பாதிப் பாடம் நடந்துவிடுகிறது.

படி 2: அவர்கள் கையில் என்ன இருக்கிறது?

2020 மார்ச் 18 அன்று கோவிட் பரவலால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது இதை எல்லோரும் அடிபட்டுக் கற்றுக்கொண்டோம். இருந்தும் மறந்துவிடுகிறோம். முதல் வாரத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: வீட்டில் மடிக்கணினி உண்டா, கைப்பேசி மட்டும்தானா, டேட்டா மாதம் முழுக்க வருமா. பெரும்பாலோரிடம் கைப்பேசிதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிட்டால் யாரும் விடுபட மாட்டார்கள். நிபோங் திபால் பக்கத்திலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி வீட்டுப்பாடத்தை வைஃபை உள்ள மாமாக் உணவுக் கடையில் அண்ணனோடு உட்கார்ந்து அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒரு மணி நேர விரிவுரைப் பதிவுகளை அனுப்புவதை விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் காணொலி, கைப்பேசியில் பெரிதாக்காமல் படிக்கக்கூடிய சிறிய பிடிஎஃப், இணையம் இல்லாமலும் ஓடும் செயலி, இவ்வளவுதான்.

படி 3: ஒரே ஒரு வரைபடக் கருவி

டெஸ்மோஸ் அல்லது ஜியோஜீப்ரா. இரண்டையும் சேர்த்துப் பழக்காதீர்கள். டெஸ்மோஸ் கைப்பேசியில் வழுக்கிக்கொண்டு ஓடும், எழுதிய உடனே வரையும். ஜியோஜீப்ரா 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டரின் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது. வடிவியல், முப்பரிமாணம், குறியீட்டு இயற்கணிதம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், செயலியை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். முதலாண்டு நுண்கணிதம் மட்டும் எடுப்பவர் என்றால் டெஸ்மோஸ் போதும். திசையன், மேற்பரப்பு என்று போகிறவர் ஜியோஜீப்ராவைப் பிடித்துக்கொள்ளட்டும்.

எந்தக் கருவியானாலும் ஒரு விதி: பொத்தானைத் தொடுவதற்கு முன்னால் மாணவர் தாளில் வரைந்து காட்ட வேண்டும். “இந்த எண்ணை இரண்டிலிருந்து மூன்றாக மாற்றினால் வளைவு எப்படி மாறும்? வரை.” வரைந்த பிறகு திரை. முதலில் திரையைக் காட்டினால் “ஆமாம், அப்படித்தான்” என்று எல்லோரும் சொல்வார்கள். தப்பாக வரைந்த தாளை எதிரில் வைத்துக்கொண்டு பார்க்கும்போதுதான் திரை பாடம் நடத்தும்.

அப்புறம், கருவியும் ஏமாற்றும் என்பதை முதல் மாதத்திலேயே காட்டிவிடுங்கள். எனக்குப் பிடித்த வகுப்பு இது. கூகுள் ஷீட் போன்ற விரித்தாள் ஒன்றில் முதல் பத்தியில் 10, 100, 1000 என்று இறங்குங்கள். பக்கத்துப் பத்தியில் அந்த எண்ணை n என்று வைத்து, ஒன்றோடு n-இல் ஒரு பங்கைக் கூட்டி, n அடுக்குக்கு உயர்த்துங்கள், அதாவது (1 + 1/n)ⁿ. 2.59, 2.70, 2.717 என்று ஆய்லர் எண்ணான 2.71828ஐ நோக்கி அழகாகப் போகும். மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள், பாடநூலில் பார்த்ததுதானே. “நிறுத்தாதீங்க, இன்னும் கீழே இழுங்க” என்று சொல்லுங்கள். பத்தின் 15ஆம் அடுக்குக்கு வரும்போது விடை 3.035. 16ஆம் அடுக்கில் வெறும் 1.

வகுப்பே எழுந்து உட்காரும் இடம் இது. கணினி ஓர் எண்ணைச் சுமார் 16 இலக்கத் துல்லியத்தில்தான் வைத்துக்கொள்ளும். ஒன்றோடு அவ்வளவு சின்னதைக் கூட்டினால் அந்தச் சின்னது விழுந்துபோய் ஒன்றே மிஞ்சுகிறது, ஒன்றை எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் ஒன்றுதான். 15ஆம் அடுக்கில் சின்னது முழுதாக விழாமல் கொஞ்சம் பெருத்துப் போய் நிற்கிறது, அதனால் 3.035. எல்லைக்கு நிறுவல் எதற்கு என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

படி 4: காணொலியும் பாடநூலும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் இங்கே பஞ்சமே இல்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2001இல் அறிவித்த திறந்த பாடத் திட்டத்தில் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரைகள் அப்படியே கிடக்கின்றன. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் மூன்று தொகுதி நுண்கணிதப் பாடநூலை இலவசமாகத் தருகிறது, இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். இந்தியாவின் என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் உண்டு, நம் பிள்ளைகளின் காதுக்கு அந்த உச்சரிப்பு சட்டென்று பிடிபடுகிறது.

ஒன்றே ஒன்று: இணைப்பை மட்டும் அனுப்பாதீர்கள். ‘12ஆம் நிமிடத்திலிருந்து 17ஆம் நிமிடம் வரை பார், அவர் இரண்டாவது வரியில் ஏன் கழிக்கிறார் என்று ஒரு வாக்கியம் எழுதி வா’ என்று அனுப்புங்கள். அந்த வாக்கியம் இல்லாமல் வந்தவர் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

படி 5: தானே திருத்தும் வீட்டுப்பாடம்

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பல்தேர்வுக் கேள்விகளை நான் சொல்லவில்லை. மாணவர் விடையாக ஒரு கோவையைத் தட்டச்சு செய்ய, அதைக் கணினி இயற்கணித ரீதியாகச் சரிபார்க்கும் முறைகள் இருக்கின்றன. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990களின் நடுவில் பிறந்த வெப்வர்க் இந்த வகையில் மூத்தது, ஆயிரக்கணக்கான ஆயத்தக் கேள்விகளோடு வருகிறது, ஆனால் சர்வர் அமைக்க ஆள் வேண்டும். உங்கள் கல்லூரியில் மூடுல் என்ற இணைய வகுப்புத் தளம் இருந்தால் ஸ்டாக் என்ற கேள்வி வகையைச் சேர்க்கச் சொல்லுங்கள். கிறிஸ் சாங்வின் உருவாக்கியது. பின்னணியில் மேக்சிமா என்ற இயற்கணித மென்பொருள் ஓடும், அதையும் சர்வரில் நிறுவ வேண்டும் என்பதால் ஐடி பிரிவில் ஒரு நல்ல மனிதரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நடக்காது என்றால் மைஓப்பன்மேத் தளம். இலவசம், அவர்கள் சர்வரிலேயே ஓடுகிறது, ஆசிரியர் கணக்குக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்டாக்கில் நான் அமைத்த ஒரு கேள்வியைப் பக்கத்திலிருந்து காட்டுகிறேன். கேள்வி: எக்ஸ்² × சைன் 3எக்ஸ் என்பதை வகையிடுக. அந்த 3 ஒவ்வொரு மாணவருக்கும் வேறு எண்ணாக வரும், அதனால் பக்கத்து ஆளின் விடை உதவாது. சரியான விடை 2எக்ஸ் சைன் 3எக்ஸ் + 3எக்ஸ்² காஸ் 3எக்ஸ். எந்த வரிசையில் எழுதினாலும், எக்ஸைப் பொதுவாக வெளியே எடுத்து எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும்.

இதற்கப்புறம்தான் படி 1இல் போட்ட பட்டியல் வேலைக்கு வருகிறது. மாணவர் 6எக்ஸ் காஸ் 3எக்ஸ் என்று எழுதினால் அவர் இரண்டையும் தனித்தனியாக வகையிட்டுப் பெருக்கிவிட்டார். இந்தத் தப்பு வந்தால் ஸ்டாக் பிரியும் கிளைக்கு நான் எழுதி வைத்த பதில்: ‘எக்ஸை எக்ஸால் பெருக்கினால் எக்ஸ்². உங்கள் முறைப்படி அதை வகையிட்டுப் பாருங்கள், என்ன வருகிறது?’ அவர் முறைப்படி 1 வரும், சரியான விடை 2எக்ஸ் என்று அவருக்கே தெரியும். 2எக்ஸ் சைன் 3எக்ஸ் + எக்ஸ்² காஸ் 3எக்ஸ் என்று எழுதினால் பெருக்கல் விதி சரி, உள்ளே இருக்கும் 3 தொலைந்துவிட்டது. அதற்கு வேறு பதில், பாதி மதிப்பெண். வெறும் ‘தவறு’ என்று சொல்லும் இயந்திரத்துக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒரு நல்ல கேள்வி அமைக்க எனக்கு முதலில் ஒரு மாலை முழுக்கப் பிடித்தது, இப்போது அரை மணி நேரம். செமஸ்டருக்குப் பத்துக் கேள்வி போதும், அடுத்த வருடம் இன்னும் பத்து.

கவனிக்க ஒரு பள்ளம் உண்டு. முதல் வாரம் பாதிப் பேர் கணிதத்தில் தோற்பதில்லை, தட்டச்சில் தோற்கிறார்கள். பெருக்கல் குறி போடாமல் எழுதுவார்கள், அடைப்புக்குறியை மூட மறப்பார்கள், சைனின் வர்க்கத்தைப் புத்தகத்தில் இருப்பது போலவே அடிப்பார்கள், இயந்திரம் துப்பிவிடும். “எல்லாம் சரியா போட்டேன், ரெட் காட்டுது சார்” என்று இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி வரும். அதனால் முதல் பயிற்சியை மதிப்பெண் இல்லாத தட்டச்சுப் பயிற்சியாக மட்டும் வையுங்கள். விடையை நாமே கொடுத்துவிட்டு, அதை அடிக்கச் சொல்வது. இந்த ஒன்றைச் செய்யாமல் விட்ட வருடம் மாணவர்களும் நொந்தார்கள், நானும் நொந்தேன்.

படி 6: நம்மூர்த் தரவு

பாடநூல் சைன் வளைவுக்குக் கொடுக்கும் உதாரணம் எங்கோ ஒரு ராட்டினம். நமக்குக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. பினாங்கின் மணிக்கொரு முறை எடுத்த கடல்மட்ட அளவுகள் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கடல்மட்ட மையத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு வாரத்துக்கானதை மட்டும் வெட்டி எடுத்து மாணவர்களுக்குக் கொடுங்கள், ஒரு சைன் வளைவைப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஒரு நாளில் இரண்டு தடவை ஏறுகிறது என்று பார்த்ததும் எல்லோரும் அலைவு நேரத்தை 12 மணி என்று வைப்பார்கள். வைக்கட்டும். முதல் நாள் வளைவு புள்ளிகளோடு ஓரளவு ஒட்டி நிற்கும், மூன்றாம் நாள் விலகும், ஏழாம் நாள் கடல் ஏறும்போது இவர்கள் வளைவு இறங்கிக்கொண்டிருக்கும். ஏன்? நிலவின் இழுப்பால் வரும் முக்கிய அலையின் நேரம் 12 அல்ல, 12.42 மணி. ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்துகிறது. தூண்டில் போடப் போகிறவர்களுக்கு இது முன்பே தெரியும், போன வருடம் ஒரு மாணவன் “எங்க மாமா சொல்வாரு சார்” என்று ஆரம்பித்தான்.

12.42 என்று மாற்றிய பிறகும் முழுக்க ஒட்டாது, உயரம் கூடிக் குறையும். சூரியனால் வரும் 12 மணி அலையையும் கூட்டினால்தான் ஒட்டும். அந்த இரண்டு சைன்களையும் கூட்டும்போது விம்மல் வருகிறது, அதாவது உயரம் ஒரு சீரில் கூடிக் குறைகிறது. அதன் காலத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள்: 12ஐயும் 12.42ஐயும் பெருக்கி, வித்தியாசமான 0.42ஆல் வகுத்தால் 355 மணி நேரம், அதாவது 15 நாளுக்குச் சற்றுக் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்றம் வருவது இதனால்தான். மனப்பாடம் செய்த முக்கோணவியல் வாய்பாடு நாட்காட்டியில் வந்து நிற்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். அந்தத் தரவு உலக நேரத்தில் இருக்கும், நம் நேரத்துக்கு 8 மணி கூட்ட வேண்டும். ஒரு குழு மறந்துவிட்டு, நேரில் போய்ப் பார்த்ததோடு ஒத்துவரவில்லை என்று தரவையே குறைசொல்லி அறிக்கை எழுதியது. இன்னொன்று, டெஸ்மோஸ் தானாக வளைவு பொருத்தும்போது கோண அதிர்வெண்ணுக்கு (மணிக்கு எத்தனை ரேடியன்) ஒரு வரம்பு கொடுக்காவிட்டால் எங்காவது போய் மாட்டிக்கொள்ளும். 0.4க்கும் 0.6க்கும் இடையில் என்று கட்டிவையுங்கள்.

புள்ளியியல் எடுப்பவருக்கு டேட்டா டாட் கவ் டாட் மை என்ற அரசாங்கத் தளத்தில் வாராந்தர எரிபொருள் விலைப் பட்டியல் இருக்கிறது. 2022, 2023 இரண்டு வருடத்தையும் இறக்கி, ரோன் 95 பெட்ரோலுக்கும் ரோன் 97 பெட்ரோலுக்கும் ஒட்டுறவுக் கெழு காணச் சொல்லுங்கள். விரித்தாள் பிழை காட்டும். மாணவர்கள் சூத்திரத்தைத் திரும்பத் திரும்பத் திருத்திப் பார்ப்பார்கள். ரோன் 95 அந்த இரண்டு வருடமும் 2 வெள்ளி 5 காசில் அசையாமல் நின்றது, திட்ட விலக்கம் சுழியம், சுழியத்தால் வகுக்க முடியாது. மானியம் என்றால் என்ன என்று பொருளாதார விரிவுரையாளர் நன்றி சொல்லும் அளவுக்கு அன்றைக்குப் பேச்சு ஓடும்.

படி 7: புலனக் குழு

குழு வேண்டும், ஆனால் கதவு வேண்டும். என் குழுவில் ஒரே விதி: கேள்வியோடு நீ செய்து பார்த்த வேலையின் படம் இருக்க வேண்டும். வெறும் கேள்வித்தாள் படம் வந்தால் யாரும் பதில் சொல்லக் கூடாது, நானும் சொல்லமாட்டேன். இரவு ஒன்பதுக்கு மேல் நான் இருக்கமாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் பிரச்சினை வரும்.

படி 8: விடை சொல்லும் செயலிகள்

படம் எடுத்தால் படிப்படியாக விடை தரும் ஃபோட்டோமேத்தும், 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடியும் ஒவ்வொரு பையிலும் இருக்கின்றன. தடை போடுவது வீண் வேலை. நான் இரண்டு மாற்றம் செய்தேன். வீட்டுப்பாடத்தின் எடையைக் குறைத்து, வாரம் நான்கு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் அனுப்பிய விடையில் ஒரு வரியைக் காட்டி “இது எங்கிருந்து வந்தது?” என்று ஐந்து நிமிடம் கேட்கிறேன். யார் செய்தது என்பது ஒரு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். இரண்டாவது, இயந்திரம் எழுதிய ஒரு நிறுவலைக் கொடுத்துத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொல்கிறேன். தப்பில்லாத நிறுவலையும் இடையிடையே கலந்துவிடுவேன். அங்கே அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

படி 9: சேமித்து வையுங்கள்

முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் செமஸ்டர் விடுமுறையில் சர்வர் மாற்றினார்கள். திரும்பி வந்தபோது என் பாடப் பக்கம் வெள்ளையாக இருந்தது. இரண்டு வருடமாகச் சேர்த்த கேள்விகள், கிளை கிளையாக எழுதிய பதில்கள், எதுவும் இல்லை. முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பினார்களாம், நான் பார்க்கவில்லையாம். மூடுலில் கேள்வி வங்கியை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி அன்றும் இருந்தது, இரண்டு நிமிட வேலை. இப்போது மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அதை இறக்கி, ஒரு படி கூகுள் டிரைவிலும் ஒரு படி விரல்சேமிப்பியிலும் (பென் டிரைவ்) போட்டு, விரல்சேமிப்பியை வீட்டில் சாமி அலமாரியில் வைக்கிறேன். அங்கே வைத்தால் யாரும் எடுப்பதில்லை.